உங்கள் காரில் விழும் ஊத்தை என்ன கலர்?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கிப் போடுகிறேன்.

"அண்ணா, முதன்முதலாகக் கார் வாங்கப் போகிறோம். 2017 வாகன் ஆர். பார்த்த இடத்தில் ஒரே மாதிரி மூன்று நிற்கிறது. ஒன்று கறுப்பு, ஒன்று பேர்ல் வெள்ளை, ஒன்று சில்வர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மனைவிக்குக் கறுப்பில்தான் கண். அம்மா வெள்ளை என்கிறார். மாமா யாழ்ப்பாணத்தில் இருந்து போன் எடுத்து, 'சில்வரை எடும், கழுவத் தேவையில்லை' என்கிறார். நாங்கள் இருப்பது காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையில். ஃபிளாட்டில் ஒரு காருக்குத்தான் இடம், அதுவும் தூணோடு ஒட்டினபடி. எனக்குக் கிழமையில் ஒரு நாள்தான் ஓய்வு, அதையும் கார் கழுவுவதில் மினக்கெடுத்த மாட்டேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வருசத்தில் மூன்று நாலு தரம் யாழ்ப்பாணம் போய் வருவோம். கீறலும் ஊத்தையும் ஆகக் குறைவாகத் தெரிகிற கலர் எது?"

மாமா சொன்னதில் முக்கால்வாசி சரி, தம்பி. சில்வரை எடுங்கள். அவசரம் என்றால் இத்தோடு நிறுத்திவிட்டுப் போய் அட்வான்ஸ் கட்டலாம். மிச்சக் கால்வாசி, அந்தக் 'கழுவத் தேவையில்லை' என்ற கதை, அதை நம்பினவர்களின் கார்கள்தான் எங்கள் கராஜுக்குப் பாதி வேலையைக் கொண்டுவருகின்றன. ஆகவே கொஞ்சம் இருந்து வாசியுங்கள்.

இருபது வருசத்துக்கு மேலாக ஸ்ப்ரே கன் பிடித்த கை இது. ஊத்தை தெரியாத கலர் எது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் காரில் விழும் ஊத்தை என்ன கலர் என்று. சிரிப்பார்கள். ஆனால் அதைப் பார்க்காமல் காரின் கலரைத் தெரிவு செய்ய ஏலாது. ஊத்தைக்கும் நிறம் இருக்கிறது, அது ஊருக்கு ஊர் மாறும்.

நாளைக்கு விடிய எழும்பி, ஈரமான வெள்ளை டிஷூ ஒன்றை எடுத்து உங்கள் பல்கனிக் கம்பியில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் செய்து பார்க்க வேண்டாம், கீறிவிடும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். டிஷூவில் வருவது சாம்பலும் கறுப்பும் கலந்த ஒரு பசை. காலி வீதி பஸ்ஸின் டீசல் புகை, தேய்ந்த ரயர் தூள், பிரேக் தூள், அடுத்த ஒழுங்கையில் எழும்புகிற ஃபிளாட்டின் சீமெந்துத் தூசி எல்லாம் அதற்குள் இருக்கும். கடற்காற்றில் வருகிற உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் அது காய்ந்த புழுதி மாதிரிக் காற்றில் பறக்காது, ஒட்டிக்கொண்டு கிடக்கும். காய்ந்தால் வெளிறிய சாம்பல் நிறம். இப்போது அந்த மூன்று காரையும் மனதில் நிறுத்திப் பாருங்கள். சாம்பல் புழுதிக்கு மிகக் கிட்டின நிறம் சில்வர்தான். கறுப்புக் காரில் அதே புழுதி கரும்பலகையில் சோக்குத் தூள் மாதிரி விழுந்து கிடக்கும். காலையில் கழுவிய காரில் பின்னேரம் யாரோ விரலால் பெயர் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

வெள்ளையின் கதை வேறு. மேல்பக்கம், கூரையும் பொனட்டும், புழுதி அவ்வளவாகத் தெரியாது. மழை பெய்தவுடன்தான் அது காட்டிக்கொடுக்கும். சில்லுக்குப் பின்னால் கதவின் கீழ்ப்பகுதியில் தார் ரோட்டுத் தண்ணீர் தெறித்த கறுப்புப் புள்ளிகள், பக்கக் கண்ணாடிக்கும் கதவுக் கைபிடிக்கும் கீழே கண்மை கரைந்து வழிந்த மாதிரிக் கோடுகள். கொழும்பில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் பக்கத்துக்கென்றே ஒரு ஊத்தை இருக்கிறது. கரையோர ரயில் பாதைக்குப் பக்கத்தில், மரைன் டிரைவில், தொடர்ந்து நிறுத்துகிற வெள்ளைக் கார்களில் ஊசிமுனை அளவில் செம்மஞ்சள் புள்ளிகள் வரும். சொந்தக்காரர் பதறிப்போய் "கார் துருப்பிடித்துவிட்டது" என்று கொண்டுவருவார். கார் துருப்பிடிக்கவில்லை. ரயில் சில்லும் தண்டவாளமும் உரசிப் பறக்கிற இரும்புத் துகள் பெயின்டில் குத்தி நின்று, உப்புக் காற்றில் அந்தத் துகள்தான் துருப்பிடிக்கிறது. கையால் தடவினால் சாண்ட் பேப்பர் மாதிரிச் சொரசொரக்கும். இதற்கென்று களிமண் கட்டி விற்கிறார்கள், கிளே பார் என்று கேட்டால் தருவார்கள், சோப்புத் தண்ணீரோடு மெதுவாக ஓட்டினால் வந்துவிடும். இது எல்லாக் கலரிலும் விழுகிறது, வெள்ளையில் கண்ணுக்குப் படுகிறது, அவ்வளவுதான்.

இனி யாழ்ப்பாணம். அங்கே விழுவது செம்மண். வலிகாமப் பக்கம் தோட்டத்து ஒழுங்கைக்குள் இறங்கி ஏறினால் வெள்ளைக் காருக்குக் காவி வேட்டி கட்டின மாதிரி இருக்கும். சில்வரில் அந்தச் சிவப்புத் தெரியும்தான், வெள்ளையை விடக் குறைவு. அங்கே மண்ணை விடப் பெரிய பிரச்சினை தண்ணீர். குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல், கிணற்றுத் தண்ணீர் சவர்க்காரம் நுரைக்காத கடினத் தண்ணீர். பிரயாணக் களைப்போடு போய் இறங்கினதும் மாமா அன்பாகப் பைப்பைப் பிடித்துக் காரைக் கழுவிவிடுவார், அதுவும் மத்தியான வெயிலில். பத்து நிமிடத்தில் தண்ணீர் காய்ந்து ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையமாகப் பொனட்டில் நிற்கும். கறுப்பில் அது அம்மைத் தழும்பு மாதிரித் தெரியும். அன்றைக்கே வெள்ளை வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்துக் கழுவிவிட்டால் போய்விடும். அடுத்தடுத்த வெயிலில் விட்டால் பெயின்டின் மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர் படையைத் தின்று பள்ளம் விழுந்துவிடும், பிறகு பொலிஷ்தான். சில்வரிலும் வெள்ளையிலும் அதே வளையம் விழுகிறது, தேடினால்தான் தெரியும். மாமாவிடம் சொல்லுங்கள், கழுவுவது என்றால் பொழுதுபட்ட பிறகு, கழுவியவுடன் துடைக்கவும் வேண்டும்.

ஊத்தை அவ்வளவுதான். கீறல்தான் சிக்கலான விசயம்.

ஒரு ஏ4 தாளை எடுத்துப் பாருங்கள். அதன் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், அதாவது 100 மைக்ரோன். தொழிற்சாலையில் இருந்து வருகிற காரின் முழுப் பெயின்டும் அதைவிடக் கொஞ்சம்தான் கூட, 100 தொடக்கம் 150 மைக்ரோன். அதற்குள் நாலு படை இருக்கிறது. தகரத்தில் ஒட்டினபடி துருத்தடுப்புப் படை, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர். கலர்ப் படை ஆக மெல்லியது. கிளியர் நாற்பது ஐம்பது மைக்ரோன், தலைமுடியை விட மெல்லிசு. நீங்கள் காரில் பார்க்கிற கீறல்களில் பெரும்பாலானவை இந்தக் கிளியரைத் தாண்டுவதே இல்லை. அவை நிறமில்லாத கீறல்கள். கண்ணாடியில் விழுந்த கீறல் மாதிரி, விளிம்பில் வெளிச்சம் பட்டுச் சிதறி வெள்ளையாக மின்னும். பின்னால் கறுப்பு இருந்தால் அந்த வெள்ளை மின்னல் பளிச்சென்று தெரியும், வெள்ளை இருந்தால் வெள்ளைக்குள் வெள்ளையாக மறைந்துபோகும். கறுப்புக் காரின் பொனட்டில் சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி வட்டம் வட்டமாக ஒன்று தெரியும், பார்த்திருப்பீர்கள். அதே வலை பக்கத்தில் நிற்கிற வெள்ளைக் காரிலும் இருக்கிறது. சில்வரில் இன்னொரு வசதி. சில்வர் மாதிரி மெட்டாலிக் கலருக்குள் அலுமினியச் செதில்கள் கலந்திருக்கும், அவை தாங்களே ஆயிரம் திசையில் மின்னிக்கொண்டிருப்பதால் கீறலின் மின்னல் கூட்டத்தில் காணாமல் போய்விடுகிறது.

ஆழமான கீறல் என்றால் கிளியரையும் கலரையும் கிழித்துப் பிரைமருக்குப் போகும். பிரைமர் அநேகமாக வெள்ளை அல்லது சாம்பல். கறுப்புக் காரில் அது எலும்பு தெரிகிற மாதிரி. சில்வரில் சாம்பல் மேல் சாம்பல், பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. தகரம் வரைக்கும் போனால் எல்லாக் கலரும் ஒன்றுதான், உப்புக் காற்றில் இரண்டு மூன்று நாளில் மண்ணிறக் கோடு வந்துவிடும். இந்த இடத்தில் என் தொழில் புத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். கீறலை மறைக்கிற கலர் கீறலைச் சொந்தக்காரனிடம் இருந்தும் மறைக்கும். வெள்ளைக் காரில் துரு எட்டிப் பார்த்த அன்றே ஆக்கள் ஓடி வருகிறார்கள். பழைய பெய்ஜ், தங்க நிறக் கார்களில் சில்லு வளைவுக்குள் துரு ஓட்டை போட்டு விரல் போகிற அளவுக்கு வந்த பிறகுதான் எனக்குக் காட்டுவார்கள். கடலோரத்தில் இருக்கிற நீங்கள் மாதம் ஒரு தரமாவது கீழே குனிந்து பாருங்கள், சில்வர் என்றாலும்.

இந்தச் சிலந்திவலையை யார் போடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? பஸ்காரனும் இல்லை, த்ரீவீல்காரனும் இல்லை. ட்ரைவர் சீட்டுக்குக் கீழே மடித்து வைத்திருக்கிற அந்தத் துணிதான். விடிய வேலைக்குப் போகிற அவசரத்தில் அதை எடுத்து, பனி ஈரத்தோடு இருக்கிற புழுதியை வட்டம் வட்டமாகத் துடைத்துவிட்டுப் போகிறோம், கார் பளபளக்கிறது. அந்தப் புழுதிக்குள் மணல் இருக்கிறது, சீமெந்து இருக்கிறது. துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் வோட்டர் பேப்பரை, நாங்கள் தண்ணீர் விட்டுப் பெயின்ட் தேய்க்கிற சாண்ட் பேப்பரை, வைத்துத் தேய்க்கிற வேலைதான் அது. பல்கனிக் கம்பியோடு நிற்பாட்டுங்கள் என்று சொன்னது இதற்குத்தான். நீங்கள் மினக்கெட மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் பெயின்டுக்கு அது நல்ல செய்தி. ஊத்தையோடு ஓடுகிற கார் உலர் துணியால் தினமும் துடைக்கிற காரை விட அதிக காலம் புதிதாக இருக்கும். கழுவுகிற அன்றைக்கு முதலில் வெறும் தண்ணீரை நன்றாக அடித்து மணலை இறக்கிவிட்டுப் பிறகு கையை வையுங்கள். துணி தோய்க்கிற பவுடர் வேண்டாம், கார் ஷாம்பூ ஒரு போத்தல் வாங்கினால் வருசம் ஓடும். மஞ்சள் டஸ்டரை மனைவிக்குக் கொடுங்கள், வீட்டில் அலுமாரி துடைக்கட்டும்.

சேர்விஸ் ஸ்டேஷன்களையும் கொஞ்சம் கவனியுங்கள். எனக்கே நடந்தது. ஒரு காலத்தில் நானும் கறுப்புக் கார் வைத்திருந்தேன், அந்த ஆசை எனக்கும் வந்து போனதுதான். நானே மூன்று நாள் நின்று வோட்டர் பேப்பர் பிடித்துக் கண்ணாடி மாதிரி ஆக்கின பொனட். ஒரு அவசரத்துக்கு வழியில் ஒரு இடத்தில் வோஷ் கொடுத்தேன், பெயர் வேண்டாம். பையன் எனக்கு முன்னால் லொறி ஒன்றின் சில்லைக் கழுவின அதே ஸ்பொஞ்சை அதே வாளியில் முக்கி என் பொனட்டில் வைத்தான். நான் கையை நீட்டிக் கத்துவதற்குள் இரண்டு சுற்று சுற்றிவிட்டான். அடுத்த மாதமே அந்தக் காரை விற்றேன். இப்போது என்னிடம் இருப்பது என்ன கலர் என்று நீங்களே ஊகிக்கலாம்.

மற்றக் கீறல்கள் விழுகிற இடங்களும் எல்லாருக்கும் ஒன்றுதான். பம்பரின் நாலு மூலை. உங்கள் தூண் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துப் பின் கதவு. சிக்னலில் நிற்கும்போது இடுக்குக்குள் புகுந்து போகிற மோட்டார் சைக்கிளின் ஹாண்டில் முனை படுகிற உயரம். டிக்கி வாசலின் விளிம்பு, அரிசி மூட்டை இழுக்கிற இடம். பிறகு, கதவுக் கைபிடிக்குப் பின்னால் இருக்கிற அந்தக் குழி. அதைக் குனிந்து பாருங்கள், நகமும் மோதிரமும் வளையலும் கீறின கோடுகள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். ஓடின காரின் வயதை மைல் மீற்றரை விட இந்தக் குழி நேர்மையாகச் சொல்லும். ஒரு விசயம், தூணிலோ த்ரீவீலிலோ உரசின உடனே மனம் உடைந்து போகாதீர்கள். பாதி நேரம் அது கீறலே இல்லை, அடுத்ததின் பெயின்ட் உங்கள் காரில் அப்பியிருப்பது. மஞ்சளாகவோ சிவப்பாகவோ தெரிந்தால் முதலில் பொலிஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள், பிறகு கராஜுக்கு வாருங்கள். எந்தக் கீறலுக்கும் இரண்டு சோதனை போதும். தண்ணீர் ஊற்றினால் மறைந்தால் அது கிளியரில் இருக்கிறது. நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்த்து நகம் தடக்கினால் பொலிஷுக்கு அடங்காது.

சரி, இவ்வளவு நல்லதென்றால் சில்வரில் குறையே இல்லையா? இருக்கிறது, அதை விற்கிறவர் சொல்ல மாட்டார். சில்வர் கீறலை மறைக்கும், திருத்தினதை மறைக்காது. அந்த அலுமினியச் செதில்கள் எப்படிப் படுக்கின்றன என்பது ஸ்ப்ரே கன்னின் காற்றிலும், எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம் என்பதிலும், ஈரமாக அடித்தோமா காய அடித்தோமா என்பதிலும் இருக்கிறது. ஈரமாக அடித்தால் செதில் அடியில் போய் நிறம் கறுக்கும், காய அடித்தால் வெளிறும். அதே கலர் நம்பர், அதே டப்பா, காலையில் அடித்தது ஒரு மாதிரி, பின்னேரம் அடித்தது இன்னொரு மாதிரி. நேரே நின்று பார்த்தால் பொருந்தும், பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் ஒரு கதவு மட்டும் தனியாக நிற்கும். அதனால் ஒரு கதவு அடிபட்டால் பக்கத்துக் கதவுக்கும் மட்கார்டுக்கும் கலரை மெல்லமாக இழுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிளியர் அடிக்க வேண்டும். மூன்று பகுதிக்குக் காசு. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதில் இன்னும் கொஞ்சம் வித்தியாசம் தெரியும்.

பேர்ல் வெள்ளை இதைவிட மோசம். அதை வெள்ளை என்று நினைத்து ஆக்கள் ஏமாறுகிறார்கள். முதலில் வெள்ளைப் படை, அதற்கு மேல் மைக்கா கலந்த ஒரு மெல்லிய படை, பிறகு கிளியர். நடுப்படை ஒரு கை கூடினால் மஞ்சளிக்கும், குறைந்தால் சுண்ணாம்பு மாதிரி நிற்கும். ஜப்பானில் புதுக்கார் வாங்கும்போதே அதற்கு மேலதிகக் காசு வாங்குகிறார்கள் என்றால் இங்கே அதைத் திருத்த என்ன கேட்பார்கள் என்று பாருங்கள். அம்மா சொன்ன வெள்ளை, மினுக்கம் இல்லாத சாதாரண வெள்ளையாக இருந்திருந்தால், டொயோட்டாவில் 040 என்று வருகிறதே அந்த மாதிரி, நான் சில்வரையும் அதையும் ஒரே தட்டில் வைத்திருப்பேன். ஏனென்றால் அதை எந்தக் கராஜிலும் எந்தப் பெயின்ட் பாஸும் அடித்துப் பொருத்திவிடுவார், தனிக் கதவு அடித்தாலும் தெரியாது, செலவும் குறைவு. உங்கள் மூன்றில் அது இல்லை. நெருக்கமான பார்க்கிங்கில் கட்டாயம் அடிபடத்தான் போகிறது என்று நினைக்கிறவர் சாதாரண வெள்ளையைத் தேடிப் போகலாம். கீறல்தான் வரும், அடிபடாது என்று நம்புகிறவருக்குச் சில்வர். உங்கள் தூணை நான் பார்க்கவில்லை, நீங்கள் ரிவர்ஸ் எடுக்கிற விதத்தையும் பார்க்கவில்லை.

மற்றக் கலர்களைப் பற்றி இரண்டு வரி. வெளிர் சாம்பல் மெட்டாலிக் கிடைத்தால் சில்வருக்குச் சமம், சில இடத்தில் ஒரு படி மேல். கடும் சாம்பல் ஊத்தையில் கறுப்பின் தம்பி. சிவப்பை வெயில் தின்னும், வெளியில் நிற்கிற காருக்கு வேண்டாம். கடும் நீலம் கடையில் நிற்கும்போதுதான் வடிவு.

மனைவி கறுப்பில் விடாப்பிடியாக நின்றால், அது உங்கள் வீட்டுப் பிரச்சினை, எனக்கு அதில் தலையிடத் தைரியம் இல்லை. சண்டை வராமல் கதைக்க ஒரு விசயம் தருகிறேன். 2011-இல் வெளிவந்த ஆய்வொன்றுக்காகக் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்காரர் கறுப்பு ஹொண்டா சிவிக் ஒன்றையும் சில்வர் சிவிக் ஒன்றையும் வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். கறுப்புக் காரின் கூரை 25 பாகை வரை கூடச் சுட்டது, உள்ளே காற்று ஐந்து ஆறு பாகை கூடுதல் சூடு. பின் சீட்டில் பிள்ளையை ஏற்றப் போகிறவர்களுக்கு என் கீறல் கதையை விட அது எடுபடும். சூட்டால் இன்னொரு நட்டமும் உண்டு. காகம் எச்சம் போட்டால், அதுவும் கொழும்புக் காகங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, சூடான கிளியர் இளகி நிற்கிற நேரத்தில் அந்த எச்சம் அதில் பதிந்து, குளிரும்போது அச்சுக் குத்தின மாதிரி நின்றுவிடும். கறுப்பில் அது சீக்கிரம், தெரிவதும் அதிகம். எந்தக் கார் என்றாலும் ஈரமான டிஷூ ஒரு பொதியை உள்ளே வையுங்கள். எச்சத்தின் மேல் ஒரு டிஷூவைப் போட்டு இரண்டு நிமிடம் ஊறவிட்டு அள்ளி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

கறுப்பை மலிவாக வாங்கிப் பிறகு சில்வர் அடிப்போமா என்ற யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். கதவைத் திறந்தால் உள்ளே கறுப்பு, பொனட்டைத் தூக்கினால் கறுப்பு, அதையெல்லாம் கழற்றி அடிக்கிற செலவுக்கு வேறு வேலை பார்க்கலாம். காரின் பதிவுச் சான்றான சி.ஆர். புத்தகத்தில் நிறம் எழுதியிருக்கிறது, மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் திருத்த வேண்டும், விற்கும்போது வாங்குகிறவர் "ஏன் கலர் மாற்றினீர்கள், பெரிய அடியா?" என்று கேட்பார்.

இனி நீங்கள் பார்க்கப் போகிற அந்தச் சில்வர். கலரை விட அது எத்தனை தரம் பொலிஷ் பட்டது என்பது முக்கியம். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனத்துக்குத் திறந்தது. இடையில் ஐந்து வருசம் இருந்த கார்களேதான் கைமாறிக் கைமாறி ஓடின, ஒவ்வொரு கைமாறலுக்கும் முன்னால் ஒரு கட் அன்ட் பொலிஷ். ஒவ்வொரு கட்டும் அந்த நாற்பது ஐம்பது மைக்ரோனில் இருந்து கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகிறது. விளிம்புகளில், பொனட்டின் மடிப்புக் கோடுகளில், முதலில் கிளியர் போய்விடும், அங்கே சில்வர் மங்கிப் பொடி பூசின மாதிரித் தெரிந்தால் அந்தக் காருக்கு இனிப் பொலிஷ் தாங்காது. பெயின்டின் தடிப்பு அளக்கிற சின்ன மீற்றர் வைத்திருக்கிற யாரையாவது கூட்டிப்போங்கள். 100 தொடக்கம் 150 காட்டினால் கம்பனிப் பெயின்ட், 200 தாண்டினால் அந்த இடத்துக்குத் திரும்பப் பெயின்ட் அடித்திருக்கிறது, 500-ஐத் தாண்டினால் அடியில் நெளிவை நிரப்பின புட்டி. ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையைக் குறித்த ஒக்ஷன் ஷீட் இருந்தால் கேட்டு வாங்குங்கள். கார்ப் படத்தில் ஏ என்று இலக்கத்தோடு போட்டிருப்பது கீறல், யூ என்பது நெளிவு, டபிள்யூ என்பது திருத்தின தடம். ஏ1 நாலு ஐந்து இருந்தால் கவலைப்படாதீர்கள். டபிள்யூ 3 என்றால் அந்தப் பகுதியைப் பக்கவாட்டில் நின்று நிறம் பொருந்துகிறதா என்று பாருங்கள், சில்வரில் மேலே சொன்ன அந்த வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

பார்க்கப் போகிற நேரம் பின்னேரம் மூன்று நாலு மணி, வெயில் சரிந்து விழுகிற நேரமாக இருக்கட்டும். மழையில் போக வேண்டாம், ஈரமான காரில் ஒரு கீறலும் தெரியாது. நீங்கள் போகும்போது "இப்பதான் கழுவினேன்" என்று சொல்லித் தண்ணீர் சொட்டச் சொட்டக் காரை நிறுத்தி வைத்திருந்தால் ஒன்றும் கதைக்காமல் பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள், காயட்டும்.